மம்லூக் எகிப்தின் நெடுந்தளர்ச்சியும் மக்கள்தொகையின் வயதமைப்பும்

ஹிஜ்ரி 749ஆம் ஆண்டு (கி.பி. 1348–49) துனிஸ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் பதினாறு, பதினேழு வயது இளைஞர். அந்நோயில் தம் பெற்றோர் இருவரையும், தமக்குப் பாடம் ஓதிக்கொடுத்த ஆசிரியர்களுள் பலரையும் அவர் இழந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1377இல், இப்னு ஸலாமா கோட்டையின் தனிமையில் அமர்ந்து 'முகத்திமா'வை எழுதிய வேளையில், வரலாற்றைப் புதிதாக எழுதவேண்டி நேர்ந்ததற்கு அக்கொள்ளைநோயையும் ஒரு காரணமாக அவர் குறிப்பிட்டார். கிழக்கிலும் மேற்கிலும் தலைமுறைகளை விழுங்கி, நகரங்களையும் பாதைகளையும் பாழாக்கிய அந்நோய்க்குப் பின் உலகம் பழைய உலகமாக இல்லை என்பது அவர் கருத்து.

இப்னு கல்தூனின் பொருளியற் சிந்தனைக்கு அச்சாணி 'உம்ரான்' என்னும் சொல். குடியிருப்பு, மக்கட்பெருக்கம், நாகரிகம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறிக்கும் சொல் அது. தனி ஒருவன் தன் ஒருநாள் உணவைக்கூடத் தானே முழுமையாக ஆக்கிக்கொள்ள முடியாது. உழுபவன், அரைப்பவன், கருமான், தச்சன், குயவன் எனப் பலர் கூடினால்தான் கோதுமை ரொட்டியாகிறது. ஆனால் அவ்வாறு பலர் கூடியதும் அவர்கள் தேவையைக் காட்டிலும் பன்மடங்கு விளைகிறது. அந்த மிகுதி புதிய தேவைகளையும், தேவைகள் புதிய தொழில்களையும், தொழில்கள் புதிய வருவாயையும் பிறப்பிக்கின்றன. ஃபாஸ் நகரத்துப் பிச்சைக்காரர்கள் திலிம்ஸான் நகரத்துப் பிச்சைக்காரர்களைவிட வசதியாக இருக்கின்றனர் என்றும், குர்பானி ஆட்டின் விலையையே அவர்கள் பெருநாளன்று யாசிக்கக் கண்டதாகவும் எழுதி, அதற்குக் காரணம் ஃபாஸின் உம்ரான் பெரியது என்று முடிக்கிறார். மக்கள் குறைந்தால் இதே சக்கரம் பின்னோக்கிச் சுழலும். கறக்காத மடி வற்றிப் போவதைப் போல, தோண்டி இறைப்பாரற்ற ஊரில் நீரூற்றுகளும் வற்றும் என்ற பொருள்பட அவர் எழுதியிருப்பதை 'முகத்திமா' ஓதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

வயதைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். ஆனால் அது அரசுகளின் வயது. அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் வசனத்தைச் சான்று காட்டித் தலைமுறை ஒன்றுக்கு நாற்பது ஆண்டு என வகுத்து, மூன்று தலைமுறைகளில், அதாவது ஏறத்தாழ 120 ஆண்டுகளில், ஓர் அரசு பிறந்து வளர்ந்து மூப்படைந்து மறையும் என்றார். மக்கள் எத்தனை பேர் என்று கேட்டவர், அவர்களில் எத்தனை பேர் குழந்தைகள், எத்தனை பேர் மண்வெட்டி பிடிக்கும் வயதினர், எத்தனை பேர் முதியோர் என்று பிரித்துக் கேட்கவில்லை. அப்படிப் பிரித்துக் கேட்கும் வழக்கம் அவர் காலத்தில் பரவலாக இருந்ததில்லை. ஆகவே இது அவருடைய குறையன்று. எனினும் அவர் கண்முன் நிகழ்ந்த எகிப்தின் தளர்ச்சியைப் புரிந்துகொள்ள அக்கேள்வி இன்றியமையாதது.

ஒரே அளவு மக்கள்தொகை கொண்ட இரு நாடுகள் வயதமைப்பால் முற்றிலும் வேறுபடலாம். உழைக்கும் வயதினர் மிகுந்த நாட்டில் விளைவு மிகும், சேமிப்பும் மிகும். குழந்தைகளோ முதியோரோ மிகுந்த நாட்டில் உழைப்பவர் ஒருவரின் கை பல வாய்களுக்கு ஊட்ட வேண்டும். இளையோர் தொடர்ந்து குறைந்துவரும் நாட்டில் புதிய வீடுகளும் புதிய பட்டறைகளும் தேவைப்படா, முதலீடு சுருங்கும். மக்கட்பெருக்கம் தளர்வதால் பொருளாதாரம் நீண்டகாலம் தேங்கக்கூடும் என்று 1937இல் கெய்ன்ஸ் ஓர் உரையில் எச்சரித்தார். மறு ஆண்டே அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆல்வின் ஹேன்சன் அதை ஒரு கோட்பாடாகவே விரித்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நாட்டில் குழந்தைகள் பெருவாரியாகப் பிறக்கவே, ஹேன்சனை எல்லோரும் மறந்தனர். 2013இல் லாரன்ஸ் சம்மர்ஸ் அக்கோட்பாட்டைத் தூசி தட்டி மீண்டும் எடுத்தார்.

இனி எகிப்துக்கு வருவோம். 1347ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் கொள்ளைநோய் இஸ்கந்தரிய்யா துறைமுகத்தில் இறங்கிற்று. 1348இன் பிற்பகுதியில் கெய்ரோவில் அது உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டு ஷாம் நாட்டில் இருந்த இப்னு பதூதா, திமிஷ்கில் முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாகத் திரண்டு இறைஞ்சிய காட்சியை வருணித்துள்ளார். கெய்ரோவில் ஒரே நாளில் 24,000 பேர் மாண்டதாக அவர் சொல்லும் கணக்கை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆயினும் எகிப்து மக்களுள் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை அழிந்திருக்கலாம் என்பதே பெரும்பாலோர் மதிப்பீடு. ஹலபைச் சேர்ந்த இப்னுல் வர்தி இந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதி முடித்து, 1349இல் அந்நோய்க்கே இரையானார். (இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நம் மதுரையில் கியாஸுத்தீன் தாமகானியின் ஆட்சிக்காலத்தில் ஒரு கொள்ளைநோயைக் கண்டதாகவும், சுல்தானின் தாயும் மகனும் அதில் இறந்ததாகவும் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். மேற்கே பரவிய அதே நோய்தான் இது என்பதற்குச் சான்றில்லை.)

ஒருமுறை வந்து போகும் கொள்ளைநோய், அது எத்துணைக் கொடியதாயினும், ஒரு நாட்டை நூற்றைம்பது ஆண்டுகள் தளர்த்தி வைக்காது. எஞ்சியவர்க்கு நிலமும் வீடும் கருவிகளும் மிகும்; இளம் வயதில் மணம் புரிவர்; இரண்டு தலைமுறைகளில் இழப்பு ஈடாகிவிடும். எகிப்தில் அவ்வாறு நிகழவில்லை. காரணம், நோய் போகவில்லை. 1517இல் மம்லூக் அரசு வீழும் வரை பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் அது திரும்பி வந்தது. திரும்பி வந்தபோதெல்லாம் குழந்தைகளையும் இளையோரையும், புதிதாக நகருக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளையும் முதலில் தேடிப் பிடித்தது. வரலாற்றாசிரியர் இப்னு தஃக்ரீபிர்தீ போன்றோர் இறந்தவர்களைச் சொல்லும்போது குழந்தைகள், மம்லூக்குகள், அடிமைகள், அந்நியர் என்று வகை பிரித்தே சொல்கின்றனர். 1361இல் ஐரோப்பாவில் திரும்பி வந்த நோயையும் அங்குள்ளோர் குழந்தைகளின் கொள்ளைநோய் என்றே அழைத்தனர். இளையோர் ஏன் மிகுதியாக மாண்டனர் என்பதன் மருத்துவக் காரணத்தில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை. முந்தைய தாக்குதலில் நோயுற்றுப் பிழைத்த மூத்தோரின் உடலில் எதிர்ப்பாற்றல் இருந்திருக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து.

அக்காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லையே, இதை எவ்வாறு நம்புவது என்று கேட்கலாம். கணக்கெடுப்பு இல்லை, ஆனால் நூல்கள் இருக்கின்றன. நம் மதரஸாக்களில் 'ஃபத்ஹுல் பாரி'யின் ஆசிரியர் ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் பெயரை உச்சரிக்காத நாள் அரிது. அவர்கள் 'பத்லுல் மாஊன்' என்று தாஊன் நோயைப் பற்றித் தனி நூல் இயற்றியதை அறிந்தவர் குறைவு. ஏன் இயற்றினார்கள் என்பதை அறிந்தவர் அதனினும் குறைவு. ஹிஜ்ரி 819இல் வந்த கொள்ளைநோய் அவர்களுடைய ஆலியா, ஃபாத்திமா என்ற இரு பெண் மக்களையும் கொண்டுசென்றது. ஹிஜ்ரி 833இல் (1430) மீண்டும் வந்த நோய், கருவுற்றிருந்த மூத்த மகள் ஸைன் காத்தூனைக் கொண்டுசென்றது. ஒரே தந்தையின் வீட்டில், பதினான்கு ஆண்டு இடைவெளியில், வளரும் தலைமுறையும் பிறக்கவிருந்த தலைமுறையும் சேர்ந்து போயின. இஃது ஓர் அறிஞரின் வீட்டுக் கதை என்பதால் எழுதி வைக்கப்பட்டது. டெல்டாவின் ஓர் உழவன் வீட்டுக் கதையை எழுதுவார் யார்?

இதைவிட வலுவான சான்று ஒன்றுண்டு. குழந்தையை இழந்த பெற்றோருக்கு ஆறுதல் கூறுவதற்கென்றே அக்காலத்தில் அரபு மொழியில் நூல்கள் தொடர்ந்து எழுந்தன. திமிஷ்கின் இப்னு நாஸிருத்தீன் (இறப்பு 1438) 'பர்துல் அக்பாத் அன் ஃபக்தில் அவ்லாத்' எழுதினார். இமாம் ஸகாவீ (இறப்பு 1497) 'இர்த்தியாஹுல் அக்பாத்' எழுதினார். இமாம் ஸுயூத்தி (இறப்பு 1505) 'ஃபள்லுல் ஜலத் இந்த ஃபக்தில் வலத்' எழுதினார். மூன்றும் பிள்ளையிழப்பைப் பற்றியவை. இரண்டின் தலைப்பிலேயே 'ஈரல்' என்ற சொல் இருக்கிறது. ஈரற்குலை எரியும் துயரம் என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஹதீஸ் கலையின் முதல் வரிசை அறிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே பொருளைப் பற்றி எழுதினார்கள் என்றால், படிப்பதற்குத் துயருற்ற பெற்றோர் பெருந்தொகையாக இருந்தனர் என்பதே பொருள். மக்கள்தொகை ஆய்வாளர் இந்நூல்வரிசையைக் கணக்கேடாகவே படிக்கலாம் என்பது என் கருத்து.

இறந்த குழந்தைகள் என்பது கண்ணீர்க் கணக்கு மட்டுமன்று. பொருளாதாரக் கணக்கும் ஆகும். பத்து வயது வரை ஊட்டி வளர்த்த சிறுவன் இறந்தால், அப்பத்தாண்டுச் செலவு முழுவதும் பயனின்றிப் போகிறது. 1362இல் பத்து வயதில் இறந்தவன் 1374இல் இருபத்திரண்டு வயது இளைஞனாக வயலில் நின்றிருக்க வேண்டியவன். அவன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்போதே அடுத்த தாக்குதல் வந்து, அவனுக்குப் பின் பிறந்தவர்களையும் கொண்டுபோகிறது. இவ்வாறு ஒவ்வொரு தாக்குதலின் விளைவும் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து உழைப்பாளர் பஞ்சமாக வெளிப்பட்டுக்கொண்டே இருந்தது. முதியோர் பெருகியதால் வந்த சுமையன்று இது. இளமை ஒவ்வொரு முறையும் முளையிலேயே கிள்ளப்பட்டதால் வந்த வறட்சி.

எகிப்தின் வேளாண்மைக்கு இந்த வறட்சி எமனாக வாய்த்தது. நைல் நதியின் வெள்ளத்தைக் கரைகட்டி வயல்களில் தேக்கி, வண்டல் படிந்தபின் வடித்துவிடுவதே அங்கிருந்த பாசனமுறை. பெரிய கரைகளைச் சுல்தானின் அரசும், சிறியவற்றை அந்தந்த ஊராரும் ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும். மண் வெட்டிக் கூடை சுமக்கும் இவ்வேலை குழந்தைக்கும் ஆகாது, கிழவனுக்கும் ஆகாது. ஓர் ஊரில் ஆளில்லாமல் ஒரு கரை உடைந்தால், அதை அடுத்த ஊரின் வயலும் நீரின்றிக் கெடும். மழை பார்த்துப் பயிரிடும் நாட்டில் பாதி மக்கள் இறந்தால் பாதி நிலத்தையாவது ஒழுங்காக உழலாம். நைல் நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. 1315இல் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத் நில அளவை செய்வித்தபோது நிலவருவாய் 90 லட்சம் தீனாருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. 1517இல் உஸ்மானியர் எகிப்தைக் கைப்பற்றியபோது அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. முதல் தொகை இராணுவக் கணக்குக்குரிய தீனாரில் உள்ளதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடலாகாது. வீழ்ச்சி பெரிது என்பதில் ஐயமில்லை.

கைத்தொழிலின் நிலையும் அதுவே. இஸ்கந்தரிய்யாவில் 14,000 ஆக இருந்த தறிகள், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1434இல் எண்ணிப் பார்த்தபோது 800 ஆகச் சுருங்கியிருந்தன என்று அக்கால நூல்கள் கூறுகின்றன. வரிக்கொடுமையும் ஐரோப்பியத் துணிகளின் போட்டியும் இதற்குக் காரணங்கள்தாம். ஆனால் நெசவு கைமாறித் தரும் கலை. தறியில் உட்கார வேண்டிய சிறுவன் இறந்துவிட்டால், ஆசானின் கைத்திறன் ஆசானோடு புதைகிறது.

அரசின் தூணாக இருந்த படையையே எடுத்துக்கொள்வோம். கிப்ஜாக் புல்வெளியிலிருந்தும் பின்னர் சர்க்காஸியாவிலிருந்தும் சிறுவர்களை விலைக்கு வாங்கி, கெய்ரோக் கோட்டையின் பாசறைகளில் பல ஆண்டுகள் வேதமும் குதிரையேற்றமும் அம்புப்பயிற்சியும் கற்பித்து வீரர்களாக்குவதே மம்லூக் முறை. கோட்டைக்குள் நெருக்கமாக வாழ்ந்த, நாட்டுக்குப் புதியவர்களான இவ்விளைஞர்களைக் கொள்ளைநோய் கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றது. ஈடு செய்யப் புதியவர்களை மேலும் மேலும் வாங்க நேர்ந்தது. சிறுவர்களை வளர்த்தெடுக்கப் பொறுமையும் பணமும் இல்லாமல், வளர்ந்த ஆட்களையே வாங்கத் தலைப்பட்டனர். கப்பலோட்டியாகவும் அடுப்பெரிப்பவனாகவும் தண்ணீர் சுமப்பவனாகவும் இருந்தவர்களெல்லாம் இப்போது மம்லூக்குகள் என்று அல்மக்ரீஸீ மனம் கசந்து எழுதுகிறார். அடங்காத அப்படை பதினைந்தாம் நூற்றாண்டில் சம்பளத்துக்காகக் கெய்ரோவின் தெருக்களில் கலகம் செய்துகொண்டிருந்தது.

தக்கியுத்தீன் அல்மக்ரீஸீ (1364–1442) இப்னு கல்தூனின் விரிவுரைகளைக் கேட்டவர். 1405இல் அவர் எழுதிய 'இகாஸத்துல் உம்மா' எகிப்தின் விலைவாசி நெருக்கடிக்கு மூன்று காரணங்கள் கூறுகிறது: பதவிகள் விலைக்கு விற்கப்பட்டது, நிலக்குத்தகை ஏறியது, செப்புக்காசு அளவின்றிப் பெருகியது. மக்களை ஏழு வகுப்பினராகப் பிரித்து ஒவ்வொருவர் நிலையையும் அவர் சொல்லும் பகுதி அருமையானது. அதில் கூலியாட்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் கூலி பன்மடங்கு ஏறியிருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் இறந்துபோனதால் தேடி அலைந்தாலன்றி ஓர் ஆள் கிடைப்பதில்லை என்கிறார். நகரத்துக் கூலி ஏறியது உண்மை. அப்படியானால் எஞ்சிய மக்கள் ஏன் வாழவில்லை?

இவ்விடத்தில்தான் இங்கிலாந்தின் கதை உதவுகிறது. ஸ்டூவர்ட் போர்ஷ் என்ற ஆய்வாளர் இவ்விரு நாடுகளையும் ஒப்பிட்டு 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்திலும் மக்கள் அதே அளவில் இறந்தனர். நோய் அங்கும் திரும்பத் திரும்ப வந்தது. இளையோர் அங்கும் குறைந்தனர். ஆயினும் அங்கு உழவனின் கூலி ஏறியது, குத்தகை இறங்கியது, எஞ்சியவன் முன்னைவிட நன்றாக உண்டான். அங்கே ஒவ்வொரு நிலப்பிரபுவும் தன் நிலத்துக்கு ஆள் தேடி மற்றவனோடு போட்டியிட வேண்டியிருந்தது. எகிப்திலோ நிலம் 'இக்தா' முறையில் படைத்தலைவர்களுக்கு அளிக்கப்பட்டது, மகனுக்குப் போகாது. கெய்ரோவில் குடியிருந்த அவர்கள் தம் மானிய கிராமத்தைக் கண்ணால் பார்த்ததும் அரிது. கொள்ளைநோய்க் காலத்தில் ஒரே இக்தா சில நாட்களுக்குள் பலர் கைமாறியதும் உண்டு. தனக்குப் பின் தன் பிள்ளைக்கு இல்லாத நிலத்தின் கரையை எவன் செப்பனிடுவான்? நூறு பேர் கட்டிய வரியை அறுபது பேரிடம் வாங்க முற்பட்டனர். அறுபது பேரில் இருபது பேர் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடினர். கைவிடப்பட்ட வயல்களில் நாடோடி அரபுக் கூட்டத்தார் ஒட்டகம் மேய்த்தனர். ஆகவே வயதமைப்பு சுமையைக் கொண்டுவந்து வைத்தது; அச்சுமை யார் தலையில் ஏற வேண்டும் என்பதை ஆட்சிமுறை தீர்மானித்தது. முஸ்லிம்களின் விதி நம்பிக்கையே எகிப்தின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று மேலை எழுத்தாளர் சிலர் சொல்வது, நோய் தொற்றக்கூடியது என்பதை அனுபவச் சான்றுகளால் நிறுவிய கிரனடாவின் இப்னுல் கதீபை (இறப்பு 1374) அறியாதார் கூற்று.

நிலவருவாய் வற்றியதும் அரசு வணிகத்தின்மேல் பாய்ந்தது. சுல்தான் பர்ஸ்பாய் (ஆட்சி 1422–1438) சர்க்கரையையும் மிளகையும் தம் தனியுரிமையாக்கினார். மலபாரின் மிளகை ஏடன் வழியாகக் கொண்டுவந்த காரிமீ வணிகர் குலம் அத்தோடு நலிந்தது. விலையேற்றத்தால் சினமுற்ற ஐரோப்பியர் வேறு கடல்வழி தேடியதும், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கியதும், அதன் பின் நம் கடற்கரை முஸ்லிம்கள் பட்ட பாடும் தனிக் கட்டுரைக்குரியவை.

பணம் இருந்தால் நாடு செழிக்கும் என்போர் கெய்ரோவின் சுல்தான் ஹஸன் பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும். கொள்ளைநோய்க்குப் பின் 1356இல் தொடங்கப்பட்ட அப்பெருங்கட்டடத்துக்கு, வாரிசின்றி இறந்தோரின் சொத்துகள் கருவூலத்தில் குவிந்தது உதவியது என்பர். 1361இல் அதன் மினாரா ஒன்று சரிந்து, கீழே இருந்த பள்ளியில் ஓதிக்கொண்டிருந்த அநாதைச் சிறுவர்கள் உட்பட ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்.

இன்றைய ஜப்பானில் இதற்கு நேர் எதிரான காட்சியைக் காண்கிறோம். அங்கு இளையோர் இறக்கவில்லை, பிறக்கவில்லை. 65 வயதைக் கடந்தோர் 1970இல் மக்கள்தொகையில் 7 விழுக்காடு, 1994இல் 14 விழுக்காடு, இன்று 29 விழுக்காட்டுக்கும் மேல். உழைக்கும் வயதினர் தொகை 1995 அளவில் ஏறத்தாழ 8.7 கோடியாக உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. 1989 இறுதியில் பங்குச்சந்தை எட்டிய உயரத்தை மீண்டும் எட்ட 2024 ஆயிற்று. 1999இல் வட்டிவிகிதம் சுழியத்துக்கு வந்தது. (வட்டியில்லா நிலை அங்கு மார்க்கத்தால் வந்ததன்று, கடன் கேட்டு வருவாரில்லாததால் வந்தது.) ஆயினும் உழைக்கும் வயதினர் ஒருவருக்கான விளைவு எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிட்டால், அவ்வளர்ச்சியில் ஜப்பான் அமெரிக்காவுக்கு அதிகம் பின்தங்கவில்லை. கல்வியும் இயந்திரமும் உள்ள நாடு மூப்பைத் தாங்கிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டில் 2005–06 தேசியக் குடும்பநல ஆய்விலேயே பெண் ஒருவருக்கான சராசரிப் பிள்ளைப்பேறு 1.8 என இறங்கியிருந்ததை இங்கே நினைவுகூரலாம். ஜப்பான் செல்வம் சேர்த்தபின் மூப்படைந்தது. நாம் சேர்ப்பதற்கு முன்பே மூப்படையத் தொடங்கியிருக்கிறோம்.

எகிப்து மீண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். முஹம்மத் அலீ பாஷாவின் ஆட்சியில் 1831இல் இஸ்கந்தரிய்யாவில் நோய்த்தடுப்புக்கெனத் துறைமுகக் கட்டுப்பாடு ஏற்பட்டது; குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி ஊர் ஊராகப் போடப்பட்டது; 1840களின் நடுவில் பெருங்கொள்ளைநோய்கள் ஓய்ந்தன. கால்வாய்களும் மீண்டும் வெட்டப்பட்டன, பெரும்பாலும் கட்டாய உழைப்பினால். 1897இன் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 97 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு அரை நூற்றாண்டு முன், 1848இல், அந்நாட்டு மக்களை வீடுவீடாக, ஆள் ஆளாக எழுதிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. வரி கட்டும் ஆண்களோடு நில்லாமல், பெண்களையும் அடிமைகளையும் குழந்தைகளையும் சேர்த்து எழுதிய பதிவேடுகள் அவை.